கீறல்கூட இல்லை

மெசேஜ் வந்தபோது பல்கீஸ் பீவி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வேர்க்கடலைப் பருப்பைத் தரையில் போட்டுவிட்டுத் தோலை முறத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் பெனாசிர் போனை எடுத்துச் சத்தமாகப் படித்தாள்.

“உம்மா, எனக்கு ஒண்ணும் ஆகல. தீ புடிச்சது பக்கத்து பில்டிங்கு. கம்பெனி பேப்பர்ல பேருக்கு நேரா அன்ஸ்கேத்டுனு போட்டுக்கிறாங்க. பேஜாராவாதீங்க.”

மஸ்கட்டில் மகன் கலீல் ரஹ்மான் தங்கியிருந்த காம்ப்பில் தீப்பிடித்து நாலு நாள் ஆகிறது. போன் அடித்தால் எடுப்பதில்லை. புகையில் தொண்டை கட்டிக்கொண்டது, பேச்சு வரவில்லை என்று எழுத்தில்தான் பதில். ஒரே ரூமில் இருக்கும் திண்டிவனத்துச் செல்வகுமாரைப் பற்றி எதிலும் ஒரு வார்த்தை இல்லை.

விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் போய் நின்றதற்கு, தீயில் மாட்டியவர்கள் லிஸ்ட் நாளைக்குத்தான் வரும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பல்கீஸ் கேட்டாள்.

ஒரு கீறல்கூடப் படாதவன் என்றாள் பெனாசிர். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுப்பவள்.

பல்கீஸின் முகம் நாலு நாளில் முதல்முறையாக மலர்ந்தது. தன் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். தனக்கும்தான் ஒரு கீறல் இல்லை, தன்னையும் அப்படிச் சொல்லலாமா டீச்சரம்மா என்று கிண்டல் செய்தாள்.

வகுப்பெடுக்கும் பழக்கம். பெனாசிர் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். சும்மா வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த வார்த்தை பொருந்தாது. பெரிய ஆபத்துக்குள் மாட்டி, முழுசாக வெளியே வந்தவர்களுக்குத்தான் சொல்வார்கள்.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பல்கீஸின் விரலிடுக்கில் மல்லாட்டை அப்படியே நின்றது.

“அப்போ பக்கத்து பில்டிங்கு இல்ல. உள்ளதான் இருந்துக்கிறான்.”

பெனாசிர் திரையைப் பார்த்தாள். புள்ளி இல்லை, கமா இல்லை. விரலால் அடித்ததல்ல, போனிடம் பேசினால் தானாக விழுகிற எழுத்து. தொண்டை கட்டியவன் எப்படிப் பேசினான் என்று அவள் உம்மாவிடம் கேட்கவில்லை.

உள்ளே இருந்தால் என்ன, வந்துவிட்டான் இல்லையா என்று பல்கீஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். மெசேஜ் முழுக்க வேண்டாம், அவன் தன்னைக் கூப்பிட்டதை மட்டும் இன்னொரு வாட்டி படிக்கச் சொன்னாள்.

“உம்மா” என்று படித்தாள் பெனாசிர்.

மழலை பேசத் தொடங்கிய நாளிலிருந்து கலீல் வேறு மாதிரி கூப்பிட்டதில்லை.

திரையில் ‘அம்மா’ என்று இருந்தது. வீடியோ காலில் கலீலின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, செல்வகுமார்தான் பல்கீஸை அப்படிக் கூப்பிடுவான்.

நாலு நாளாகப் பெனாசிர்தான் அதை மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறாள்.