மலை முத்திரை போட்ட டயர்

டயர் கடையில் என் பெண்டாட்டி யான்யா தரையில் குந்தி உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்துகளை விரலால் தடவிப் படித்துக்கொண்டிருந்தாள்.

எம், எஸ் என்று இரண்டு எழுத்து இருக்கிறதே, போதாதா என்று கேட்டேன். சேற்றுக்கும் பனிக்கும் ஆகும் என்று அர்த்தம். குளிர்காலத்தில் டயரைச் சோதிக்கிற எங்கள் குப்ரெஸ் ஊர்ப் போலீசுக்கு அது போதும்.

அவளுக்குப் போதவில்லை. மூன்று முகடுள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ, அந்த முத்திரை போட்டதுதான் வேண்டுமாம்.

அதையெல்லாம் குனிந்து பார்ப்பது ஜெர்மன்காரப் போலீஸ்தான் என்று சொல்லி, டயர் கடைக்காரன் பிளாகோவைப் பார்த்துக் கண்ணடித்தேன். பிளாகோ என்னோடு ஒன்றாகப் படித்தவன், எதற்கும் சிரிப்பவன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. வண்டிக்கு ஜாக்கி வைக்கப் போய்விட்டான்.

ஜெர்மனி என்ற பேச்சே எங்கள் வீட்டில் ஜூன் மாதத்தோடு முடிந்துபோயிருந்தது.

யான்யா லிவ்னோ ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜூனில் ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருந்து அவளுக்கு வேலைக் கடிதம் வந்தது. இரண்டு வாரம் வீடு ரணகளமாகிவிட்டது. நான் ஆடு மாடு வைத்திருப்பவன், அங்கே போய் எந்த நாயின் சங்கிலியைப் பிடிப்பேன்? நீ மட்டும் போவதென்றால் போ, திரும்பி வராதே என்று கத்தினேன். கடைசியில் கடிதத்தை என் கண் முன்னாலேயே கிழித்து அடுப்பில் போட்டாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவளுடைய குறையையும் தீர்த்துவைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போரோவா கிளாவா கணவாயில் காற்று எழும்பினால் சாலை இருக்கும் இடமே தெரியாது. பழைய சின்ன வண்டி போன குளிர்காலத்தில் நான்கு தடவை மாட்டிக்கொண்டது. அப்பாவின் புல்வெளியை விற்று, நான்கு சக்கரமும் இழுக்கிற இந்த ராட்சத ஜீப்பை வாங்கினேன். அவள் பெயரிலேயே பதிவு செய்தேன். இந்தத் தோமோ பெண்டாட்டியை எப்படி வைத்திருக்கிறான் என்று ஊர் பார்க்கட்டும் என்ற திமிர்.

இதற்குக் குளிர்கால டயரே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. எங்கள் ஊரில் ஜீப் வைத்திருக்கிற ஆண்பிள்ளை எவனும் அப்படித்தான் சொல்வான்.

"நாலு சக்கரமும் சேந்து இழுக்கும்தான். பிரேக் போட்டா எப்ப நிக்கும்னுதான் கேள்வி," என்றான் பிளாகோ, ஜீப்புக்கு அடியிலிருந்து.

சரி, போடுவதுதான் போடுகிறோம், ஆண்பிள்ளைத்தனமாக ஒன்றைப் போடுவோம் என்று மூலையில் இருந்த முரட்டு டயரைக் காட்டினேன். ஒவ்வொரு பல்லும் ஒரு ரொட்டித் துண்டு அளவு. பனி அள்ளும் வண்டி வருவதற்கு முன்பே வழி வெட்டிக்கொண்டு போகும்.

யான்யா அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்காமல், பிளாகோவிடம் கேட்டாள்.

"நூத்தி முப்பதுல போனா இது ரொம்ப இரையுமா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் கணவாயில் அறுபதைத் தாண்டினாலே மாதாவைக் கூப்பிட வேண்டும். நூற்று முப்பதில் போனால் லிவ்னோ ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போக மாட்டாய், ஸ்ட்ரெச்சரில்தான் போவாய் என்றேன். என் மரமண்டைக்கு அப்போதும் உறைக்கவில்லை.

இரையும் என்று பிளாகோ தரையைப் பார்த்துச் சொன்னான். குளிரில் அந்த ரப்பர் கட்டையாக இறுகிவிடும், பனிக்கட்டியில் பிடிக்காது என்றும் சொன்னான். உள்ளே போய் வேறு நான்கைக் கொண்டுவந்தான். மென்மையான ரப்பர், பல்லுக்குப் பல் பிளேடால் கீறியது போல் வெட்டு, பக்கத்தில் மலையும் பனிப்பூவும். நான்கிலும் எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்ற எண்ணை யான்யா தேடிப் படித்தாள். ஒரு டயரில் எண் உள்பக்கம் இருந்தது. அதையும் திருப்பச் சொல்லிப் பார்த்தாள்.

பெண்டாட்டி ஆசைப்படுகிறாள், போட்டுத் தொலை என்றேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

கழற்றிய கோடைக்கால டயர்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதுதான் இங்கே எல்லோருக்கும் பழக்கம். பிளாகோ மஞ்சள் சாக்பீஸால் அதில் குடும்பப் பெயரை எழுதி, பின்கட்டில் அடுக்கிவைப்பான். ஏப்ரலில் போய் மாற்றிக்கொள்ளலாம். அன்றைக்கும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

"வேணாம்ப்பா. எல்லாத்தையும் வண்டியிலயே ஏத்திடு," என்றாள் யான்யா.

வீட்டில் எங்கே வைப்பது என்று கேட்க வாயைத் திறந்தேன்.

மூடிக்கொண்டேன். இந்த இலையுதிர் காலத்தில் அப்படி ஏற்றிக்கொண்டு போனவர்கள் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடு. மூன்றும் பூட்டிக் கிடக்கின்றன. ஏப்ரலில் இங்கே இருக்கப்போகிற எவனும் கோடை டயரைச் சுமந்துகொண்டு அலைவதில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. பிளாகோவுக்கு முன்னால் இரண்டையும் செய்ய முடியாது. மூன்று டயரை அவன் ஏற்றினான். நான்காவதை நான் தூக்கி வைத்தேன்.

டயர் மாற்றினால் நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். லிவ்னோவுக்கு இரண்டு தடவை போய்வந்தால் கணக்குத் தாண்டிவிடும். இங்கே கொண்டு வா, ஒரு நிமிஷ வேலை என்றுதான் பிளாகோ எல்லோரிடமும் சொல்வான்.

சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"நூறு கிலோமீட்டர் தாண்டுனதும் எங்கயாச்சும் நிறுத்தி போல்ட்டை இறுக்கிக்கங்க, அண்ணி."