கல்யாணம் ஆகிவிடும்

கரூர் வேலைவாய்ப்பு முகாமில் எல்லாப் பந்தலிலும் அதிகாரிக்குப் பதில் ஒரு கருவி உட்கார்ந்திருந்தது. நிறைமதியின் மதிப்பெண்களைப் பாராட்டிவிட்டு, எல்லாம் ஒரே பதிலைச் சொல்லின.

"உங்களுக்கு விரைவில் திருமணம் ஆகும். வேலையை விட்டுவிடுவீர்கள். நன்றி."

கடைசிப் பந்தலிலும் சிவப்பு விளக்குதான். வெயிலும் எரிச்சலுமாக அவள் திரும்பியபோது, அம்மா போனோடு எதிரே வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை உன்னைப் பார்த்துட்டுப் போனாங்கல்ல, அவங்கதான். வேலை இல்லாத பொண்ணு வேண்டாமாம்."

நிறைமதி அம்மாவின் கையைப் பிடித்துக் கருவியின் முன்னால் இழுத்துப் போனாள். "இதை அதுகிட்டயே சொல்லும்மா. கேட்கட்டும்."

அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். கருவி சற்று யோசித்தது.

"கணிப்பு திருத்தப்பட்டது. உங்களுக்குத் திருமணம் ஆக வாய்ப்பில்லை. வேலைக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள்."

பச்சை விளக்கு எரிந்தது. நிறைமதி விரல் ரேகை வைக்கக் கையை நீட்டினாள்.

அதற்குள் பக்கத்திலேயே நின்று அம்மா போனில் பேசத் தொடங்கியிருந்தாள்.

"சம்பந்தி, பொண்ணுக்கு வேலை கிடைச்சுடுச்சுங்க. தை மாசமே வெச்சுக்கலாம்."

விளக்கு சிவப்பானது.