குருவம்மாளின் பாதி

தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது. தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு எஸ்தர் மண்பானையைத் திறந்தாள். எஸ்டேட் பங்களாவைக் காலிசெய்து போன துரையம்மா அவளுக்கும், அவளோடு கொழுந்து பறிக்கும் குருவம்மாளுக்கும் பொதுவாகக் கொடுத்த சீஸ் கட்டி, உப்புநீரில் நனைத்த துணிக்குள் குளிர்ந்து கிடந்தது.

"பிளாஸ்டிக்ல சுத்திராதடி, அதுக்கு மூச்சு முட்டிரும். வந்து என் பாதியத் தின்னுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் குருவம்மாள் ஆஸ்பத்திரி ஜீப்பில் ஏறினாள். இரண்டு மாதமாயிற்று.

அவள் பாதியில் பூஞ்சை பூக்கும்போதெல்லாம் எஸ்தர் அதைச் சீவிவிட்டு, குறைந்ததைத் தன் பாதியிலிருந்து வெட்டி ஈடுகட்டினாள்.

"அவ எங்கடி வரப்போறா? தின்னுத் தொலை" என்றாள் பக்கத்து வீட்டு ராக்காயி.

எஸ்தர் துணியில் காதை வைத்தாள். வீட்டுக்குள் நுழைந்த மூடுபனியில் சீஸ், அசந்து தூங்குகிறவளைப்போல மெல்ல மூச்சுவிட்டது. தன் பங்கு இன்றோடு தீர்ந்திருந்தது. குருவம்மாளுக்குக் கொடுக்க வேண்டிய பாதி இன்னும் பாக்கி.