எட்டு மாத உப்பு

மழைக்கு ஒதுங்கியவள்போலக் கோட்டை வாசலின் வளைவுக்குள் நிற்கிறாள் பெரின். ஆற்றுக்கு அந்தப்பக்கம் பிரெத்தான் சீமையில் உப்பு கொள்ளை மலிவு. இந்தப்பக்கம் ராஜாவின் வரியால் உப்பு யானை விலை. அதனால்தான் அவள் வயிற்றில் கட்டிய உப்புப்பை, எட்டு மாதப் பிள்ளையாகப் புடைத்திருக்கிறது. பிடிபட்டால் சவுக்கடியில் முதுகுத்தோல் உரியும். முன்னால் நிற்கும் வைக்கோல் வண்டியைக் காவலன் மத்துரேன் நீண்ட இரும்புக் கம்பியால் குத்திக் குத்திப் பார்க்கிறான். காவலறைச் சன்னல் வழியே சூப்பின் ஆவியோடு அவன் மனைவியின் குரலும் வருகிறது. "இன்னைக்கும் உப்பில்லாமத்தான் குடிக்கணும். ராஜாவோட காவக்காரன்னு பெருமைக்கு மட்டும் கொறச்சல் இல்ல!"

நனைந்த பையிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, முழங்கால் கீறலில் பட்டுத் தீயாய் எரிகிறது. பெரின் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். அடுத்த சொட்டு கணுக்காலுக்கே வந்துவிட்டது. காவலறை வாசலில் கட்டியிருக்கும் ஆடு தலையைத் தூக்குகிறது. கயிறு எட்டும் மட்டும் வந்து அவள் காலை நக்கத் தொடங்குகிறது. உதறினால் சந்தேகம் வரும். அசையாமல் நிற்கிறாள். வண்டி நகர்கிறது.

"எத்தனாவது மாசம்?" என்கிறான் மத்துரேன்.

"எட்டு, ஐயா."

ஆடு விடுவதாக இல்லை. அவன் குனிந்து அதன் கொம்பைப் பிடித்து விலக்குகிறான். அவளுடைய ஈரப் பாவாடையின் ஓரத்தைத் தொட்ட விரலை நாக்கில் வைக்கிறான். பிறகு கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காவலறைக் கதவைத் தள்ளித் திறக்கிறான்.

"ஏய், காலிச் சட்டி ஒண்ணு எடு!" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தவன், பெரினிடம் மெதுவாகச் சொல்கிறான்: "உள்ள வாம்மா. புள்ள கொஞ்சம் எளைச்சாத்தான் இந்த வாசலத் தாண்டும்."