ஆபிரகாம் காலில் சிவப்பு ஷூ

இத்தாலியில் மகன் ஜோயலைப் பார்த்துவிட்டுக் கோவளம் திரும்பிய ஆபிரகாமின் காலைப் பார்த்ததும் பிரிசில்லாவுக்குப் பகீரென்றது. செங்கல்பட்டில் அவள் வாங்கித் தந்த கறுப்பு ஷூவைக் காணோம். சிவப்பு ஷூ ஒன்று பளபளத்தது.

"இன்னாங்க, யாரோட ஷூ இது?"

"யாருக்குத் தெரியும்? மிலான்ல ஒரு பெரிய கோயிலு கீது. கட்டி முடிக்கவே அறுநூறு வருஷம் ஆச்சாம். ஜோயல் இட்டுகினு போனான். நம்ம மாதா கோயிலுக்குப் போற மாதிரி வாசல்ல ஷூவைக் கழட்டி வுட்டேன்."

"அங்க யாருங்க கழட்டுவாங்க?"

"அதான் ஜோயலும் சொன்னான். மானம் போச்சுன்னு உள்ளயே வரல. ஷூ பக்கத்துலயே தலையில கை வெச்சி உக்காந்துட்டான். நான் மொட்டைமாடி வரைக்கும் வெறுங்கால்ல ஏறி எறங்குனேன்."

"அதுக்குள்ள எவனோ லவட்டிகினு போய்ட்டான். பதிலுக்கு நீங்க இன்னொருத்தன் ஷூவைத் தூக்கிகினு வந்துட்டீங்க. கர்த்தரே!"

"அய்ய, முழுசா கேளு. எனக்குப் பின்னால ஒரு டூரிஸ்ட் கும்பல் வந்துச்சாம். என் ஷூவையும் பக்கத்துல நம்ம புள்ளயையும் பாத்துட்டு, இதான் இங்க சட்டம்னு நாப்பது பேரும் அவன்கிட்ட கழட்டிக் குடுத்துட்டு உள்ள போய்ட்டாங்க. நான் வர்றதுக்குள்ள அவங்கல்லாம் திரும்பி வந்து ஆளுக்கொண்ணு மாட்டிகினு போய்ட்டாங்க. கடைசியா இந்தச் சிவப்புதான் மிச்சம்."

பிரிசில்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காத. அவன் இன்ஜினியருக்குப் படிச்சி இன்னா பிரயோஜனம்? ஆளுக்கு ஒரு டோக்கன் குடுத்திருந்தா என் ஷூ மாறியிருக்குமா?"