இருபத்து நாலு மணி நேரக் கெடு

"வெட்கமா இல்லை உங்களுக்கு?"

நகராட்சி இன்ஸ்பெக்டர் மார்லிஸ் வண்டியை விட்டு இறங்கும்போதே கத்தினாள்.

ஆர்வில் ஹாகன் காதில் வாங்கவில்லை. எழுபது வயது மனிதர். தன் வீட்டு முன்புறம் குவிந்து கிடந்த பழைய பனியை ஷவலால் வாரி வாரிப் பக்கத்து வீட்டு நடைபாதையில் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு நடைபாதை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அமெரிக்காவின் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் பனி பெய்து பதினைந்து நாளாகிறது. பக்கத்து வீட்டு வாசலில் மட்டும் முழங்கால் உயரம்.

எதிர்வீட்டுக்காரர் புகார் அனுப்பியபோது மார்லிஸ் நம்பவில்லை. இப்போது கண்ணாலேயே பார்க்கிறாள்.

"பெரியவரே, அடுத்தவங்க நடைபாதையில பனி கொட்டினா அபராதம். தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். எழுதிக்கோ."

"அந்த வீட்டுல யாரு?"

"வெர்னா. கை ஒடைஞ்சு கட்டுப் போட்டிருக்கா."

மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கை ஒடைஞ்சவங்க வாசல்லயா? இன்னொரு கையும் போகணுமா?"

"மெதுவாப் பேசு. உள்ளே ஆள் இருக்கு."

"இருக்கட்டுமே! நீங்க பண்ற அழகு அவங்களுக்கும் தெரியட்டும்!"

கதவைத் திறந்துகொண்டு வெர்னாவே பதறி ஓடி வந்தாள்.

"கத்தாதேம்மா! நான் சொல்லித்தான் கொட்டறார்."

"என்னது?"

வெர்னா குரலைத் தாழ்த்தினாள்.

"பின்னறையில என் மகன் டெரிக் இருக்கான். முப்பத்தி நாலு வயசு. ஆகஸ்ட்ல ஏரியில அவன் ஓட்டின படகு கவுந்து, கூடப் போன சிநேகிதன் பொழைக்கலை. அன்னியிலேர்ந்து வாசப்படி தாண்டலை. சூப்பைக்கூட கதவுக்கு வெளியே வெச்சுட்டு வரணும்."

"சரி. அதுக்கும் பனிக்கும் என்ன?"

"டிசம்பர்ல நான் விழுந்து கையை ஒடைச்சுக்கிட்டேன். பனி தள்ள ஆளில்லை. இருபத்து நாலு மணி நேரத்துல தள்ளுன்னு உங்க ஆபீஸ் நோட்டீஸ் ஒட்டிச்சு. அதைப் பார்த்துட்டு அவனே ஷவலை எடுத்துக்கிட்டு வந்தான்மா! அப்புறம் மூணு தடவை பனி. மூணு தடவையும் வந்தான். கடைசியில இவர்கிட்ட 'குளிர் ஜாஸ்தி'ன்னு பேசக்கூட செஞ்சான்."

"ரெண்டு வார்த்தை," என்றார் ஆர்வில். "ஆறு மாசத்துக்கப்புறம்."

"அதோட பனி நின்னுபோச்சு. அவனும் உள்ளே அடைஞ்சுட்டான்."

"போன வாரம் கொஞ்சம் கொட்டினேன்," என்றார் ஆர்வில். "வந்தான். எங்கேர்ந்து இவ்வளவு பனின்னு கேட்டான். ஏரிக்காத்து கொண்டாந்து போட்டுடுச்சுன்னேன். நம்பிட்டான். நேத்தும் கொட்டினேன். வரலை. அதான் இன்னிக்கு மறுபடியும்."

மார்லிஸ் பையிலிருந்து நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தாள்.

"அவர் பேர்ல எழுதாதேம்மா," என்றாள் வெர்னா. "என் பேர்ல எழுது."

"எழுதறதை எழுதித் தொலை," என்றார் ஆர்வில். "எனக்கு விரல் விறைக்குது."

மார்லிஸ் எழுதினாள். கிழித்தாள். யாரிடமும் தரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று பின்பக்கம் போனாள். பின்னறை ஜன்னல் கண்ணாடியில் நோட்டீஸை அறைந்து ஒட்டினாள்.

"வெர்னா அம்மா! இருபத்து நாலு மணி நேரம்தான் கெடு!" தெருவுக்கே கேட்டது. "கை ஒடைஞ்சிருக்கு, ஆள் இல்லைங்கற கதையெல்லாம் வேண்டாம்! நாளைக்குக் காலையில நானே வந்து பார்ப்பேன்!"

திரும்பி வரும்போது ஆர்விலைத் தாண்டி நடந்தபடியே முணுமுணுத்தாள். "இந்த ஓரத்துல பத்தலை. இன்னும் நாலு தடவை வாரிப் போடுங்க."

அவள் வண்டிக் கதவைச் சாத்தும்போது, அந்த வீட்டு முன்கதவு திறந்தது. தாடியும் அழுக்குச் சட்டையுமாக ஒருவன், கையில் ஷவலோடு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"யாரும்மா அந்த ராட்சசி?" என்று கேட்டான்.

மார்லிஸ் மடியில் புகார்த் தாளை விரித்தாள். 'பனி வந்த விதம்' என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்:

ஏரிக்காற்று.