இருமிய கிராமபோன்

தாமிரவருணித் தண்ணீரைக் கையில் அள்ளிக்கொண்டு சத்தியம் செய்கிறேன், கேளுங்கள்! இதில் ஒரு சொல் பொய் என்றாலும், மிச்சமிருக்கிற பல்லும் எனக்கு நாளைக்கே விழட்டும்.

அம்பாசமுத்திரம் தில்லைநாயகம் பிள்ளை பாபநாசத்தில் வண்டியை விட்டு இறங்கும்போதே முகம் காய்ந்த தோசைக்கல்லாக இருந்தது. தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று சத்தம் கேட்கும்.

ஆடி அமாவாசைக் கூட்டத்தை நெட்டித் தள்ளிக்கொண்டு நடந்தார். படித்துறைக்கு மேலே ஒரு மருத மரம். அதன் நிழலில் சம்பந்தி பூதலிங்கம் பிள்ளையின் கூண்டு வண்டி. வண்டிக்குத் திரை. திரைக்கு முன்னால் ஒரு முக்காலி. முக்காலியில், பித்தளைப் புனலைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாழாய்ப்போன கிராமபோன் பெட்டி!

"வாருங்க சம்பந்தி! உக்காருங்க. பெட்டிக்குச் சாவி குடுத்துக்கிட்டு இருக்கேன்."

"உக்கார வரலை வே! முன்சீப் கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்து பென்சன் வாங்குன மனுசன், கூத்தாடி மாதிரி ஊர் ஊராப் பெட்டியத் தூக்கிக்கிட்டு அலையுதீரே! கொற்கையில பாடிச்சாம், குத்தாலத்துல பாடிச்சாம். பாவம், சம்பந்தியம்மாளையும் வண்டிக்குள்ள அடைச்சு வச்சு இழுத்துக்கிட்டுத் திரியுதீரு. எங்க தெருவே சிரிக்குது."

"அவளுக்குப் பாட்டுன்னா உசிரு, சம்பந்தி."

"நல்ல குடும்பத்துப் பொம்பளைக்குப் பாட்டு என்னத்துக்கு வே?"

பூதலிங்கம் பிள்ளை சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். திரை லேசாக அசைந்தது. காற்றாக இருக்கும்.

"முடிவாச் சொல்லுதேன். பெட்டியத் தூக்கி ஆத்துல போடும். இல்லைன்னா உம்ம மக உலகம்மாளைத் தலைப்பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன். பேறுகாலம் எங்க வீட்டுலதான்."

பூதலிங்கம் பிள்ளைக்கு முகம் செத்துப்போயிற்று. ஒரே மகள். திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி சம்பந்தி. போட்டுருதேன். கடைசியா ஒரே ஒரு பாட்டு. கூட்டம் கூடிட்டு, பாருங்க."

"சீக்கிரம் முடிச்சுக்கிடும் வே."

பெட்டி 'கரகர'வென்று இழுத்துவிட்டுப் பாட ஆரம்பித்தது. தாலாட்டு.

என்ன குரல் என்கிறீர்கள்! படித்துறையில் இருந்த கைக்குழந்தைகள் அத்தனையும் தூங்கிப்போயின; காவலுக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்களும்தான். தேங்காய் திருடிக்கொண்டு ஓடிய குரங்கு, திரும்பி வந்து தேங்காயை வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தது. ஆறே ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் திருநெல்வேலிக்குப் போயிற்று.

தில்லைநாயகம் பிள்ளை அசையவில்லை. தோசைக்கல் எப்போது ஆறியது என்று அவருக்கே தெரியாது. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டதுபோல் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

நடுப்பாட்டில் பெட்டி இருமியது.

இரண்டு தடவை. பாட்டு நின்றுபோயிற்று.

"என்ன வே, பெட்டி இருமுது?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"பிளேட்டுப் பிடிக்கையில பாடுனவளுக்கு இருமலு! சீமைக்காரன் அதையும் விடாமப் பிடிச்சுட்டான்" என்றார் பூதலிங்கம் பிள்ளை. நெற்றியில் வேர்வை.

தில்லைநாயகம் பிள்ளை பக்கத்தில் போய்க் குனிந்தார்.

பிளேட்டு சுற்றிக்கொண்டிருந்தது. முள் அதைத் தொடவே இல்லை. அரை விரற்கடை மேலே அந்தரத்தில் நின்றது. கீழே, பூதலிங்கம் பிள்ளையின் குதிகால் வைக்கோலைத் தேய்த்துத் தேய்த்துக் 'கரகர' பண்ணிக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் யாரோ இருமலை வாய்க்குள்ளேயே அடக்குகிற சத்தம்.

சம்பந்தம் பண்ணி இரண்டு வருஷம். சம்பந்தியம்மாள் நீலாம்பாள் கதவுக்குப் பின்னால் நின்று வளையலைக் குலுக்குவாள். அந்தச் சத்தத்தைத் தவிர வேறெதையும் அவர் கேட்டதில்லை.

"தள்ளும் வே. முள்ளு எப்படிப் பாடுதுன்னு நானும் பாக்கேன்." இருமலைப் பற்றிக் கேட்ட அந்த ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே வந்துவிட்டான்.

பூதலிங்கம் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

தில்லைநாயகம் பிள்ளை தோள்துண்டை உருவி, பெட்டியின் மேல் போர்த்தினார்.

"ஏலே, கிட்ட வராத! மூச்சுக்காத்து பட்டா பிளேட்டு உருகிரும். அம்புட்டுப் பேரும் பத்தடி தள்ளி நில்லுங்க வே!"

கூட்டம் பயந்து விலகியது. அவர் புனலைப் பார்த்துக் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்:

"நின்னு போச்சே. பயப்படாம மிச்சத்தையும் பாடச் சொல்லும், சம்பந்தி."

பெட்டி பாடியது. இந்தத் தடவை 'கரகர' இல்லை. பூதலிங்கம் பிள்ளைக்குக் கால் ஓடவில்லை.

கிளம்பும்போது தில்லைநாயகம் பிள்ளை மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆவணி பிறந்ததும் மருமகளைக் கூட்டிக்கிட்டு வருதேன். பிள்ளையத் தூங்க வைக்க நல்ல பெட்டி வேணும்லா."

வீட்டுக்குப் போனவர் மனைவி பார்வதியம்மாளைக் கூப்பிட்டார்.

"நீ கல்யாணத்துக்கு முந்திப் பாடுவியாமே?"

முப்பது வருஷத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. அவள் காய்ச்சலோ என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுவாரம் அவர் திருநெல்வேலியில் அகமது மீரான் கடைக்குப் போய், இருக்கிறதிலேயே பெரிய கிராமபோனாகப் பார்த்து எடுத்தார்.

"யார் யார் பாடுன பிளேட்டு வேணும், அண்ணாச்சி?"

தில்லைநாயகம் பிள்ளை கடையில் வேறு ஆள் இருக்கிறதா என்று சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டார்.

"பாடாத பிளேட்டு ஒண்ணு இருந்தாக் குடும் வே. சுத்துனாப் போதும்."

இரண்டு வீட்டிலும் பெரிய மனுஷர்கள். யார் சொன்னது என்று எவராவது கேட்டால், பாபநாசம் படித்துறையில் ஒரு மீன் சொல்லிற்று என்று சொல்லிவிடுங்கள். என் பேர் மட்டும் வேண்டாம்.